கண் உள்ள துண்டு

அம்பகாமம் பக்கம், ஆனி வெயில்,
முழங்காலில் நின்று புல் வெட்டுகிறேன்.
முதலில் கத்தரி, பிறகு கருவி, பிறகு விரல்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
சிவப்புத் தடிகளுக்கு அங்கால்
சிவப்பாய் ஒரு பூ.

கல்வாழை.
கூரையில்லாத வீட்டின் கிணற்றடியில்
ஆள் உயரம், அதற்கு மேலும் ஒரு முழம்.
அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடி எத்தனை வருசம்.
யார் குளித்த ஈரத்தை
இன்னும் குடித்துக்கொண்டு நிற்கிறது?

எங்களுக்குச் சிவப்பென்றால் நில்.
இது வா என்கிறது.
மேற்பார்வைக்கு வந்த தர்சினி சொன்னாள்:
"கண்ணை நிலத்தில வை, பூவில வையாத."

பதினேழு நாள் பிடித்தது அதனடிக்குப் போக.
தூரில் கருவி கத்தியது.
எல்லோரையும் பின்னுக்கு அனுப்பிவிட்டு
வயிறு மண்ணில் படக் கிடந்து
பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தால்
ஒரு வாளியின் இரும்புக் கைப்பிடி.
வேர் அதை இரண்டு சுற்றுச் சுற்றிப்
பிடித்திருந்தது.

கிழங்கில் ஒரு துண்டு எடுத்தேன்.
எடுக்கக்கூடாது. எடுத்தேன்.
சப்பாத்துக்குள் குதிக்காலோடு
வீடு வரைக்கும் நொண்டியது.

நடுகிறதற்குப் பெரிய சாத்திரம் இல்லை.
கண் உள்ள துண்டு, நாலு விரல் ஆழம்,
கண் மேலே பார்க்கவேணும்.
சட்டி கழுவின தண்ணீர் காணும்.
பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டு,
இல்லாவிட்டால் அடுத்ததுக்கு வழி விடாது.
விதையில்தான் வளர்ப்பேன் என்கிறவர்
சீமெந்தில் வெள்ளை தெரியத் தேய்த்து
இராமுழுக்கச் சுடுதண்ணீரில் போடட்டும்.
கறுப்பு விதை, அசல் சன்னம் மாதிரி.
ஒரு பிடி எடுத்து வேலைக்குக் கொண்டுபோய்
கருவியை மேலே பிடித்துப் பார்த்தேன்.
மூச்சில்லை.

வேலிக்கு அங்காலிருந்து தவமலர் சொன்னாள்
இது வாழையின் தங்கச்சியாம்.
அக்காள் குலை தள்ளின அன்று
தனக்குப் பழமில்லையே என்று
வாயில் கல்லை அடைத்துக்கொண்டவளாம்.
வாசலில் வைத்தால் வீட்டில் சண்டையாம்.
எங்களுடையது தகரக் கொட்டில்,
சுற்றிவர வாசல்தான்.

புரட்டாதியில் குழாய்க்கிணறு அடிக்க
மதவாச்சியிலிருந்து ஒருவர் வந்தார்.
பூவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.
"இது புத்சரண.
கெட்ட ஆள் ஒண்டு மலையால கல் உருட்டினது.
சில்லு தெறிச்சு புத்தர்ட கால்விரலில பட்டது.
அந்த ரத்தத்தில இது வந்தது."

நகுலேஸ் அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார்,
பொய்க்காலைக் கழற்றி
வெயிலில் சாத்திவைத்தபடி.
"ஒரு விரலுக்கே இவ்வளவு பூவோ?"

வந்தவர் சிரித்தார்.
பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார்.
பின்னேரம் கணக்குப் பார்க்கும்போது
இருபது அடிக் காசைக் குறைத்தார்.
காரணம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை.

மாசியில் காணியைக் கையளித்தோம்.
செட்டிகுளத்திலிருந்து றெஜினா வந்தாள்,
கையில் ஒரு செபமாலை,
எல்லா மணியும் கல்வாழை விதை.
வீட்டைப் பார்க்கவில்லை. கிணற்றையும் பார்க்கவில்லை.
நேரே தூருக்குப் போய்க் குந்தினாள்.
"கிழங்கு வெட்டுப்பட்டிருக்கு. ஆர்?"

தர்சினி வானத்தைப் பார்த்தாள்.
"நான்தான்" என்றேன்.
"கண் மேல பாக்க வைச்சனியோ?"
"மேலதான்."
"அப்ப சரி."

எழும்பிச் சீலையைத் தட்டினாள்.
"இதுக்கடியில ஒரு வாளிக் கைப்பிடி
கிடந்திருக்குமே,
கிடங்கு வெட்டேக்க நான்தான் போட்டனான்,
இடம் பிடிபட. அது எங்க?"

முகாமின் பின்பக்கம்
ஒன்பது மாத இரும்பு குவிந்து கிடக்கிறது,
ஆணி, தகரம், சைக்கிள் கம்பி, பெயர் தெரியாத துண்டுகள்.
அதற்குள்தான் இப்போது தேடுகிறேன்.
இங்கே கருவி உதவாது,
எல்லாவற்றுக்கும் கத்தும்.
கையால்தான்.